வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

"பெண் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை போலிருக்கிறது." என் அண்ணன் மகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு, சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர் சொன்ன வாக்கியம் இது. அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி, எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் மருத்துவர் அதை அவளிடம் சொல்லாமல் அவள் கணவரிடம் சொன்னார். கடிந்து சொன்னதாகத் தெரியவில்லை. வாசலில் அத்தனை பேர் காத்திருக்கும்போது ஒருவர் வாயில் தானாக வந்துவிடும் சொல்தான். ஆனால் அந்தச் சொல் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தீர்ப்பாகியிருந்தது. அன்றிரவு அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அத்தை, நான் ஒருநாள்கூட விட்டதில்லை" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் மாத்திரை எங்கே போயிற்று என்ற கேள்வி என்னை விடவில்லை. கர்ப்பகாலத் தைராய்டு குறைபாட்டைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது; எது கூடினால் என்ன ஆகும், எது குறைந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இன்று கர்ப்பிணிகளுக்கு மனப்பாடம். எழுதிக்கொடுத்த மாத்திரையும் உணவுமுறையும் ஒரு வீட்டின் காலைப் பொழுதுக்குள் நுழைந்தபின் அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இறங்கி ஏறிய எண்

அண்ணன் மகள் வாழ்க்கைப்பட்ட வீடு நாகலூர்ப் பக்கம். சிறிய காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறும் மிளகுக் கொடி, இரண்டு மாடு. இரண்டாம் மாதம் முடிவதற்குள் எடுத்த பரிசோதனையில் தைராய்டு குறைபாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற எண் ஆறைத் தாண்டியிருந்தது. 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை தொடங்கினார்கள். அடுத்த மாதப் பரிசோதனையில் எண் இறங்கியது, எல்லோரும் நிம்மதியடைந்தோம். நான்காம் மாதத்துக்குப் பிறகு அதே எண் மீண்டும் ஏறத் தொடங்கியது. மாத்திரையை 75 ஆக்கினார்கள், ஏறியது. 100 ஆக்கினார்கள். அந்தச் சீட்டை எழுதும்போதுதான் மேலே சொன்ன வாக்கியமும் வந்தது.

டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டு சுரப்பிக்கு இடும் கட்டளை. தைராய்டு சுரக்கும் தைராக்சின் போதவில்லை என்றால் கட்டளை ஓங்கும், எண் கூடும். கருவிலுள்ள குழந்தையின் சொந்தத் தைராய்டு ஏறக்குறைய 12-ஆவது வாரத்தில்தான் சுரக்கத் தொடங்குகிறது. தனக்குப் போதுமான அளவு சுரக்க 18, 20 வாரங்கள் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சின் தாயின் இரத்தத்திலிருந்துதான் போயாகவேண்டும். கருவுறுவதற்கு முன்பே தைராய்டு மாத்திரை சாப்பிட்டுவரும் பெண்களுக்குக் கர்ப்பத்தில் மாத்திரையின் தேவை கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை கூடுகிறது. அதனால் கர்ப்பம் உறுதியான நாளிலேயே மருத்துவரிடம் சொல்லி அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று 2017-இல் வெளியான அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊரில் இதற்கு நேர்மாறாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். "வயித்துல பிள்ளை இருக்கும்போது மாத்திரை கீத்திரையெல்லாம் ஆகாது" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்ல, அதுவரை தவறாமல் சாப்பிட்டுவந்த மாத்திரையை மிகவும் தேவைப்படும் முதல் மாதங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இதைப் படிக்கும் எவராவது அப்படி நிறுத்தியிருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு மருத்துவரை அழைத்துப் பேசும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தைராக்சின் உடலே சுரக்கும் பொருள். உரிய அளவில் அது குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை.

எவர்சில்வர் டப்பா

ஆறாம் மாதத்தில், தைராய்டுக் கவலை தீராத நிலையிலேயே, சர்க்கரையும் வந்து சேர்ந்தது. மலையிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்கவேண்டிய அளவு 168 இருந்தது. முதல் மாதங்களில் எடுத்த இதே பரிசோதனையில் ஒன்றும் இல்லை. நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதால், பலருக்கும் 24-லிருந்து 28 வாரங்களுக்குள்தான் சர்க்கரை வெளிப்படுகிறது. முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் இரண்டாவதை விடக்கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

இரண்டு எண்களும் ஏறியிருந்ததால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். இந்தக் கதை முழுவதும் திரும்பிய இடம் அந்த ஒரு மணி நேரம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். செவிலியர் அறிக்கைகளைப் பிரிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "ஏங்கண்ணு, காலையில எந்திரிச்சதும் மொதல்ல வாயில வெக்கறது என்ன?" என்று கேட்டார்.

"காப்பிங்க" என்றாள் இவள்.

"மாத்திரை?"

இதற்கு மாமியார்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "காப்பியோடயே நான் கையில குடுத்துர்றேனுங்க நர்சம்மா. எல்லா மாத்திரையும் ஒண்ணா எடுத்து வெச்சிருவேன். அவ மறந்தாலும் நான் மறக்க மாட்டனுங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்து திறந்து காட்டினார். உள்ளே சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரைகள், பெரிய வெள்ளைக் கால்சியம் மாத்திரைகள், அவற்றின் நடுவே பாட்டிலிலிருந்து கொட்டிவைத்த பொடி மாத்திரைகளான தைராக்சின். ஏற்காட்டுப் பனியில் டப்பாவின் மூடியில் ஈரம் கோத்திருந்தது.

தேடிய விடை முழுவதும் அந்த டப்பாவுக்குள் இருந்தது. தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கவேண்டும். காப்பியோடு சேர்ந்தால் அது குடலில் உறிஞ்சப்படுவது குறைகிறது. அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பும் கால்சியமும் இன்னும் மோசம். அவை தைராக்சினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடுகின்றன. அதனால் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நான்காம் மாதத்திலிருந்து கொடுக்கப்படுகின்றன. இவளுடைய எண் ஏறத் தொடங்கியதும் அதே நான்காம் மாதம்தான். போதாக்குறைக்கு, ஈரமும் வெளிச்சமும் படாமல் அதன் சொந்தப் பாட்டிலிலேயே இருக்கவேண்டிய மாத்திரை அது. மருமகள் ஒருவேளைகூடத் தவறவிடக்கூடாது என்ற அக்கறையில் மாமியார் செய்த ஏற்பாடுதான், விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதியை நாள்தோறும் வீணாக்கிக்கொண்டிருந்தது. இரண்டு முறை அளவைக் கூட்டிய இடத்தில், "எதனுடன் சாப்பிடுகிறாய்?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். ஒரு பெண்ணின் நேர்மையைச் சந்தேகிப்பதற்கு முன்பு கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செவிலியர் யாரையும் குறை சொல்லவில்லை. "உங்க கை நல்ல கைதானுங்கம்மா. நேரத்தை மட்டும் பிரிச்சுப் போடணும்" என்றார். பிறகு, தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ஆனால் என்ன எழுதவேண்டும் என்பதை மாமியாரிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். வீட்டில் விளக்கு எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், பால் கறப்பது எப்போது, இந்தப் பெண் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்விக்கு மாமியார் யோசித்தார். காப்பிப் பழம் பறிக்கும் ஆட்களுக்குச் சோறு போய், வீட்டு ஆண்கள் சாப்பிட்டு, மாமனாருக்குக் கஞ்சி வைத்த பிறகு, அவள் சாப்பிடப் பதினொரு மணி ஆகும். மத்தியானச் சோறு மூன்றரை மணிக்கு. அவளை யாரும் பட்டினி போடவில்லை. அந்த வீட்டில் மாமியாரும் அந்த நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறார். முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் சாப்பிட்டுவந்திருக்கிறார்.

"எட்டு மணிக்கு இவ சாப்பிட்டு முடிச்சிருக்கணுங்கம்மா. அதுக்கு வீட்டுல எதை மாத்தணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் செவிலியர்.

யாருக்கு எழுதிய உணவுமுறை

கர்ப்பகாலச் சர்க்கரைக்கான உணவுமுறை மூன்று வேளை உணவு, அவற்றுக்கு நடுவே சிறு அளவில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று போகும். மாவுச்சத்தை ஒரே வேளையில் கொட்டாமல் நாள் முழுவதும் பிரித்துக்கொடுப்பதே இதன் உட்பொருள். இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்து, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குள் வரவில்லை என்றால்தான் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ தொடங்குகிறார்கள். இதைத் தாளில் எழுதுவது எளிது. ஆனால் எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியாகச் சாப்பிடும் ஒருத்தியின் கையில் இந்தத் தாளைக் கொடுத்து என்ன பயன்? முந்தின இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவள் மறுநாள் பதினொரு மணிவரை வெறும் வயிற்றோடு இருந்து, பிறகு பசிக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டால், எண் ஏறத்தான் செய்யும். உணவுமுறை அவள் பெயருக்கு எழுதப்பட்டாலும், அதை நடத்திக்காட்ட வேண்டியது வீடு. கணவரையும் மாமியாரையும் எதிரில் உட்காரவைத்து, அவர்களுடைய வேளைகளையும் கேட்டு எழுதாத உணவுமுறை நடைமுறைக்கு வராது என்று உறுதியாகச் சொல்வேன்.

இதை நம் மாநிலத்து மருத்துவர் ஒருவர் பரிசோதனையின் அளவிலேயே உணர்ந்திருந்தார். சென்னையின் டாக்டர் வீ. சேஷையா, வெறும் வயிற்றோடு வா, இன்னொரு நாளும் வா என்று கர்ப்பிணிகளை அலையவிடும் பரிசோதனை நம் பெண்களுக்கு ஒத்துவராது என்று வாதாடினார். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு இரத்த மாதிரி என்ற முறை அப்படித்தான் நிலைபெற்றது. இந்திய அரசின் வழிகாட்டுதலும் அதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது; அவர் பிறந்த மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மலைக் கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, வழியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து சேரும் பெண்ணைத் திருப்பி அனுப்பாத பரிசோதனை அது. பரிசோதனைக்குக் காட்டப்பட்ட இந்தப் பரிவு, அதன்பின் வரும் மாத்திரைக்கும் உணவுக்கும் காட்டப்படவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உணவைப் பற்றிச் சேலத்துக்காரியாக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் கர்ப்பிணிக்குச் சூடு தணிய என்று முதலில் நீட்டப்படுவது ஜவ்வரிசிக் கஞ்சி. ஆத்தூரிலிருந்து சேலம்வரை மரவள்ளிக் காடும் ஜவ்வரிசி ஆலையுமாக வாழும் மாவட்டம் இது. அதனால் ஜவ்வரிசி எங்களுக்கு மிகவும் நெருக்கமானது. ஆனால் அது கிழங்கை அரைத்துக் கழுவி எடுத்த மாவுச்சத்து மட்டுமே. புரதமும் இல்லை, நாரும் இல்லை. சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சினால் கேட்கவே வேண்டாம். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையும் சரியல்ல. மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் நல்லவைதான், ஆனாலும் இரண்டு பெரிய உருண்டைக் களியில் இருப்பது மாவுச்சத்துதான். அண்ணன் மகளுக்குக் களி ஒரு சிறிய உருண்டையாகி, தட்டில் பாதி இடத்தைக் கீரையும் அவரைக்காயும் பிடித்துக்கொண்டன. பத்தரை மணிக்கு ஒரு கிண்ணம் தட்டைப்பயறுச் சுண்டல், சாப்பிட்டதும் களத்தைச் சுற்றி நடை என்று ஆயிற்று. மரவள்ளியும் முட்டைக்கோசும் தைராய்டுக்கு ஆகாது என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அயோடின் போதாத உடலில்தான் அவை பெரிதாகத் தொல்லை செய்யும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். காய்கறியைக் கண்டு அஞ்சுவதைவிட, வீட்டில் இருப்பது அயோடின் சேர்த்த உப்புதானா, அதை மூடிய பாத்திரத்தில் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது மேல்.

தைராக்சின் அதிகாலை ஐந்து மணிக்குத் தண்ணீரோடு என்றும், காப்பி ஆறு மணிக்குச் சர்க்கரை இல்லாமல் என்றும், கால்சியம் மத்தியானமும் இரவும் உணவோடு என்றும், இரும்பு மாத்திரை படுக்கப்போகும்போது என்றும் பிரிந்தன. நான்கு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். கீழ் எல்லையையும் தாண்டி இறங்கியிருந்தது. அதாவது, இப்போது 100 மைக்ரோகிராம் அவளுக்கு அதிகம். மாத்திரையைத் திரும்பவும் 75-க்குக் குறைத்தார்கள். அவள் ஒருநாள்கூட மாத்திரையை விட்டதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? ஆனால் அந்த அறிக்கையைப் பார்த்த மருத்துவர் முன்பு சொன்னதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் கணவர்தான், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, "இவ சரியாத்தான் போட்டிருக்கா" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சொல் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

சர்க்கரைக்குக் கடைசி மாதங்களில் இரவு நேர இன்சுலின் தேவைப்பட்டது. அதைத் தோல்வி என்று அவள் நினைக்காதபடி பார்த்துக்கொள்ள எங்களுக்குச் சற்றுப் பாடுபட வேண்டியிருந்தது. உணவை எவ்வளவு திருத்தினாலும் சிலருக்கு நஞ்சுக்கொடியின் எதிர்ப்பு மிகுதியாக இருக்கும். அது அவர்கள் குற்றமல்ல. தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. மிகையாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது; அதனால்தான் குழந்தை அளவுமீறிப் பெருக்கிறது, பிறந்து கொடி அறுத்ததும் அதன் சர்க்கரை சட்டென்று விழுகிறது. இதை அவளுக்கு விளக்கிச் சொன்னபின் ஊசியைப் பற்றிய அச்சம் பெரிதும் குறைந்தது. மே மாதத்தில், சேலம் முழுவதும் மல்கோவா மணக்கும் நாளில், சுகப்பிரசவமாகப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்கவைத்து, குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது.

பிரசவத்துக்குப் பிறகு

"பிள்ளை பிறந்தால் சர்க்கரை போய்விடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் போய்விடவும் செய்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலின் பழையபடி வேலை செய்கிறது. ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. அதனால்தான் பிரசவமான ஆறாவது வாரம் வெறும் வயிற்றில் ஒருமுறையும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் பார்க்கவேண்டும், அதன்பிறகு ஆண்டுக்கொருமுறை. தைராய்டுக்கும் அதே ஆறாவது வாரம் ஒரு பரிசோதனை உண்டு. பிரசவத்தோடு மாத்திரையின் தேவை குறைந்துவிடும் என்பதால் பழைய அளவையே தொடர்வதும் சரியல்ல, கேட்காமல் நிறுத்திவிடுவதும் சரியல்ல.

இந்த ஆறாவது வாரப் பரிசோதனைதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அப்போது பெண் தாய்வீட்டில் பத்தியத்தில் இருப்பாள். மாமியார் வீட்டில் நேரம் பார்த்தவர்கள் பக்கத்தில் இல்லை. அதுவரை அவளைப் பார்த்த செவிலியரின் எல்லைக்கும் அவள் வெளியே. வந்துபோகிறவர்கள் அனைவரின் கண்ணும் குழந்தைமேல்தான். பால் கொடுக்கும் பெண்ணை வெறும் வயிற்றோடு அழைத்துப்போய் இரண்டு மணி நேரம் உட்காரவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. அதை எந்தக் குடும்பமும் மறப்பதில்லை. குழந்தைக்கு ஊசி போட அழைத்துவரும் அதே காலையில் தாயின் இரத்தத்தையும் எடுத்துவிட்டால் தனியாக ஒரு பயணம் தேவையில்லை. தடுப்பூசி அட்டையின் அந்த வரிசையிலேயே தாயின் பரிசோதனைக்கும் ஒரு கட்டம் அச்சிட்டுவிடலாம் என்று சுகாதார நிலையத்தில் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். அண்ணி முந்தின இரவே சொல்லி வைத்திருந்தாள். அண்ணன் காலை ஏழு மணிக்கே ஆட்டோ பிடித்தார். முதல் இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் குடித்து, குழந்தைக்கு ஊசி போட்டு, அது அழுது பால் குடித்து உறங்குவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. சர்க்கரை இரண்டு அளவிலும் சரியாக இருந்தது. தைராய்டு மாத்திரை 25 மைக்ரோகிராமுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்கான மாதத்தை அவள் கணவர் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டிருக்கிறார்.